குண்டு சொன்ன உண்மை

நைனிடாலில் 1875ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிம் கார்பெட். மொகாமா கட்டத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, கூலித் தொழிலாளரோடு நின்று ரயில் சரக்கு ஏற்றி இறக்கும் பணியை நடத்தினார். துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு அவ்வுழைப்பின் அருமை தெரியும்.

1907இல், 436 உயிர்களைப் பலிகொண்டதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் பற்களை முன்பே ஒரு மனிதனின் குண்டு உடைத்திருந்தது! இரை பிடிக்க இயலாத புலியே பெரும்பாலும் ஆட்கொல்லியாகிறது என்பதை உலகுக்கு உணர்த்தினார்.

பின்னர் விளையாட்டு வேட்டையை விடுத்துக் காமிரா ஏந்தினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணை நின்றார். 1947இல் கென்யா சென்றார். 1952இல் அங்கு வந்த இளவரசி எலிசபெத்துடன் மரவீட்டிலிருந்து யானைக் கூட்டத்தைக் கண்டு களித்தார். 1955இல் அங்கேயே மறைந்தார்.

இன்று கடல் கடந்தும் மக்கள் புலி காண வரும் அப்பூங்கா, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.