சார்லஸ் டிரெவெலியன்

சர் சார்லஸ் எட்வர்ட் டிரெவெலியன் (ஏப்ரல் 2, 1807 - ஜூன் 19, 1886) ஒரு பிரித்தானிய நிர்வாகி. 1859 முதல் 1860 வரை சென்னை மாகாண ஆளுனராக இருந்தவர். இந்திய அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையைப் புதிய வரிகளால் ஈடுகட்டுவதை வெளிப்படையாக எதிர்த்ததால் பதவியிழந்தார்.

இளமையும் பணியும்

இங்கிலாந்தின் டான்டன் நகரில் பிறந்தார். ஹெய்லிபரியில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் கல்லூரியில் பயின்று, 1826 இல் வங்காள ஆட்சிப் பணியில் சேர்ந்தார். தில்லியில் தன் மேலதிகாரி எட்வர்ட் கோல்புரூக் மீது துணிந்து ஊழல் குற்றம் சாட்டினார். விசாரணையின் முடிவில் கோல்புரூக் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 1834 இல் மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தார்.

1840 முதல் 1859 வரை இலண்டனில் கருவூலத் துறையின் உதவிச் செயலராக இருந்தார். அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவில் இவர் காட்டிய கடுமையான சிக்கனம் இன்றளவும் கண்டிக்கப்படுகிறது.

சென்னை ஆளுனர்

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கடனும் பற்றாக்குறையும் பெருகின. இதைச் சீர்செய்ய, தி எக்கனாமிஸ்ட் இதழை நிறுவிய ஜேம்ஸ் வில்சன் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். பெப்ரவரி 18, 1860 அன்று அவர் வருமான வரியை முன்மொழிந்தார். அதன்படி ஆண்டு வருமானம் 200 முதல் 500 ரூபாய் வரை உள்ளோர் 2 விழுக்காடும், அதற்கு மேற்பட்டோர் 4 விழுக்காடும் செலுத்த வேண்டும்.

டிரெவெலியன் இதை ஏற்கவில்லை. பற்றாக்குறைக்குக் காரணம் வருவாய்க் குறைவு அன்று, அளவுக்கு மீறிய படைச் செலவே என்பது இவரது வாதம். படையைக் குறைத்தாலே கணக்கு சரியாகும் என்றார். நேரடி வரிக்குப் பழகாத மக்களிடம், சட்டமன்றத்தில் அவர்களுக்குப் பேராளர் எவரும் இல்லாத நிலையில், புதிய வரி விதிப்பது கொந்தளிப்பை உண்டாக்கும் என்றும் எச்சரித்தார். அயர்லாந்தில் ஏழைகளை வாட்டிய அதே சிக்கனப் பிடிவாதம் சென்னையில் இவரை வரி செலுத்துவோர் பக்கம் நிறுத்தியது எனலாம்.

இக்கருத்துகளை விளக்கி மார்ச் 1860 இல் எழுதிய குறிப்பை, கல்கத்தாவின் இசைவு பெறாமல் நாளிதழ்களில் வெளியிட்டார். மாறுபட்ட கருத்து கொள்ள ஆளுனருக்கு உரிமை உண்டு. மேலரசின் திட்டத்துக்கு எதிராகப் பொதுமக்களைத் திரட்டுவது போன்ற செயலோ பொறுக்கத்தக்கதாகக் கருதப்படவில்லை. பஞ்ச காலத்தில் நிதியமைச்சராக இருந்து இவருடன் இணைந்து செயற்பட்ட சார்லஸ் வுட், இப்போது இந்தியாவுக்கான அமைச்சராக இவரைத் திரும்ப அழைத்தார். ஜூன் 1860 இல் பதவி முடிந்தது. வருமான வரிச் சட்டம் ஜூலையில் நிறைவேறியது. ஆகஸ்ட் 11 அன்று வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் காலமானார்.

சென்னையில் மக்கள் பூங்கா உருவாகக் காரணமாக இருந்தவரும் இவரே. பின்னாளில் மூர் சந்தையும் ரிப்பன் கட்டடமும் அப்பூங்கா நிலத்தில் எழுந்தன.

நிதி உறுப்பினர்

வில்சன் வகித்த அதே பதவிக்கு இவர் பின்னர் நியமிக்கப்பட்டு, 1865 வரை பணியாற்றினார். 1863 இல் வருமான வரி 4 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் முடிந்ததும், 1865 இல் அவ்வரி நீட்டிக்கப்படவில்லை. உடல்நலம் குன்றியதால் அவ்வாண்டே இங்கிலாந்து திரும்பினார். 1886 இல் இலண்டனில் காலமானார். வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஓட்டோ டிரெவெலியன் இவரது மகன்.