கமகத்தைக் காப்பாற்றிய தீட்சிதர்

புதுச்சேரியிலிருந்து அனுமந்தை வழியாக மரக்காணம் போகிறவர்கள் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைக் காணலாம். ஒரு சிட்டிகை உப்பு இல்லாவிட்டால் விருந்தும் வீண். நம் சங்கீதத்துக்கு அந்த உப்பு கமகம். ஸ்வரத்தை அசைப்பதும், அழுத்துவதும், வழுக்கிச் செல்வதும் கமகமே.

அந்தக் கமகத்தைக் காகிதத்தில் ஏற்றி வைத்தவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர்.

குடும்பச் சொத்து

இவர் பிறந்தது 1839-ல். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-லேயே காலமாகிவிட்டார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், தம் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமனைச் சுவீகாரம் எடுத்துச் சங்கீதம் சொல்லி வைத்தார். அண்ணனின் பாட்டுகள் தம்பி வாய்வழியே பேரனுக்கு வந்து சேர்ந்தன.

பிரதியில் வந்த வினை

அக்காலத்தில் சீடர்கள் பாட்டை எழுதி வைத்தாலும், அதில் ஸ்வரமும் சாகித்தியமும்தான் இருக்கும். அசைவு இராது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத எழுதப் பாட்டு உருமாறிவிடும்.

மேல்நாட்டிலும் இதே தொல்லைதான். காது கேளாத மேதை பீத்தோவன், பிரதி எடுப்பவர்கள் புள்ளியையும் கோட்டையும் மாற்றிவிடுகிறார்களே என்று வருந்தி, 1825-ல் நண்பருக்குக் கடிதமே எழுதினார்.

முதலியாரின் வேண்டுகோள்

சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த சின்னசாமி முதலியார், நம் பாட்டுகளை மேல்நாட்டு இசைக் குறியீட்டில் அச்சிட்டு வந்தார். அவருக்குக் கண்பார்வை மங்கியது. வேலை பாதியில் நின்றுவிடுமோ என்று அஞ்சினார். தீட்சிதரிடம் உள்ளதெல்லாம் புத்தகமாக வேண்டும் என்று 1899-ல் எட்டயபுரம் மகாராஜாவை வேண்டிக்கொண்டார். மகாராஜா இசைந்தார்.

தீட்சிதருக்கு அப்போது வயது 60. ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் வகுத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடு. இறக்க ஜாருவுக்கு மறுபக்கம் சாய்ந்த கோடு. அச்சுக் கோப்பவர் கோட்டைத் திருப்பிவிட்டால் மேலே ஏற வேண்டிய பாட்டு கீழே இறங்கிவிடும்! பக்கம் பக்கமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை அது.

1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் கமகக் குறிகளோடு அதில் இடம்பெற்றன. இரண்டே ஆண்டுகளில், 1906-ல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார்.

1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. ஒரு குடும்பத்துக்குள் இருந்த செல்வம், பாட்டுப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாயிற்று.