மோதலின் நெறி கண்ட ஹைகன்ஸ்

ஒல்லாந்து தேசத்து ஹேக் நகரில் 1629ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் பிறந்தார். தந்தையார் கொன்ஸ்தன்தைன் புலவர், அரசியலறிஞர். தத்துவப் பேராசான் டேக்கார்ட் அவர்தம் நண்பர். சிறுவனின் கணித வன்மையை வியந்து போற்றியவர்.

மோதும் பொருள்களுக்கு டேக்கார்ட் 1644இல் ஏழு விதிகள் வகுத்திருந்தார். ஓய்ந்திருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எக்கதியில் மோதினும் அசைக்கமாட்டாது என்பது அவற்றுள் ஒன்று. இவ்விதிகளுட் பல பிழையென ஹைகன்ஸ் தம் இருபத்து மூன்றாம் வயதளவில் உணர்ந்தார். குடும்பம் போற்றிய பெரியாரை மறுப்பது இளைஞர் ஒருவருக்கு எளிதன்று. எனினும் உண்மையை அவர் கைவிட்டாரல்லர்.

கால்வாயிற் செல்லும் ஓடமொன்றை அவர் கற்பனை செய்தார். ஓடத்திலுள்ளவன் சமமான இரு பந்துகளைச் சமகதியில் எதிரெதிரே மோதவிடுகிறான். அவை அதே கதியில் மீள்கின்றன. ஓடமும் அக்கதியிலேயே சென்றால், கரையில் நிற்பவனுக்கு ஒரு பந்து ஓய்ந்திருப்பதாகவும் மற்றையது இருமடங்கு கதியுடன் வந்து மோதுவதாகவும் தோன்றும். மோதியபின் வந்த பந்து நிற்க, நின்ற பந்து அக்கதியைப் பெற்றுச் செல்லும். இவ்வாராய்ச்சியை 1656இல் நூலாக எழுதினார்.

டேக்கார்ட் இயக்கத்தின் அளவை எண்ணினார், திசையை எண்ணவில்லை. ஒரு திசை உந்தத்திலிருந்து எதிர்த்திசை உந்தத்தைக் கழித்தே கணித்தல் வேண்டும் என்பது ஹைகன்ஸ் கண்ட நெறி. இருபரிமாண மோதலுக்கும் இதுவே திறவுகோலாம்.

செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுள்ள பந்தொன்று, ஓய்ந்திருக்கும் சம திணிவுப் பந்தைச் சரிவாக மோதுகிறது எனக் கொள்வோம். முதற்பந்து 4 மீற்றர் கதியுடன் ஏறத்தாழ 37 பாகை ஒருபுறமும், மற்றையது 3 மீற்றர் கதியுடன் 53 பாகை மறுபுறமும் விலகுகின்றன. கதிகளை வாளா கூட்டின் 7 வரும், அது பிழை. முன்திசைக் கூறுகள் 3.2, 1.8, கூட்ட 5 ஆகும். குறுக்குத்திசைக் கூறுகள் எதிரெதிராய் 2.4, 2.4, ஒன்றையொன்று நீக்கும். உந்தம் காக்கப்பட்டது. கதிகளின் வர்க்கங்களும் 16, 9 கூடி 25 ஆதலால் இயக்கசத்தியும் குறையவில்லை.

சனிக்கோளின் துணைக்கோளைக் கண்டமை, ஊசற் கடிகாரம், ஒளியலைக் கொள்கை என அவர் பெற்ற புகழ் பல. எனினும் மோதல் பற்றிய அந்நூல், 1695ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் அவர் மறைந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னரே, 1703இல் அச்சேறியது.

மாணவ நண்பர்காள்! பரீட்சைத் தாளில் உந்தத்தைக் கூறுபடுத்தும்போது இவரை நினைமின். ஆசானை மதித்தல் கடன். அவர் பிழையைக் காணின் நேரிய முறையில் திருத்துதலும் அக்கடனின் பகுதியே.