மூட்டுவாத மாத்திரைக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவர்.. யார் இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்?

கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, மேல்மலையில் இருக்கிறது மன்னவனூர். ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே குளிர் ஒரு ஜாலி. பூண்டு, கேரட் காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படி இல்லை. காலையில் விரல் மடங்கவில்லை என்றால், குளிர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம்.

ஆனால் வீக்கமும் இருந்து, விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டி, வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டால் மூட்டோடு போகாது, கிட்னி வரைக்கும் போகும்.

எப்படி? உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் 'சீரம் அமிலாய்டு ஏ' என்ற புரதத்தை அதிகமாகத் தயாரிக்கும். இது வருஷக்கணக்கில் குறையாமல் இருந்தால், அதன் துண்டுகள் நார் நாராகத் திரண்டு கிட்னி, மண்ணீரல், குடல் என்று படியும். இதுதான் அமிலாய்டோசிஸ். சிறுநீரில் புரதம் கசியும், நுரை வரும், கால் வீங்கும். முற்றினால் டயாலிசிஸ்தான். காசநோய் நீண்ட நாள் இருந்தாலும் இது வரலாம். முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தபிறகு சரிசெய்வது கஷ்டம். அழற்சியை முன்னாடியே அடக்க வேண்டும். அதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து, மெத்தோட்ரெக்சேட்.

இங்கேதான் சுப்பாராவ் வருகிறார்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் கோட் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. ஒரு துணி மாற்றிய தலைவிதி!

அண்ணன் தம்பிகள் இரண்டு பேரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் கொண்டுபோனது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, மாமனார் கொடுத்த பணத்தோடு பாஸ்டன் போனார். மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறை, தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்று ஃபிஸ்கேவோடு சேர்ந்து அவர் கண்டுபிடித்தவை இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மாத்திரை அவர் குழு தந்ததுதான். ஸ்ப்ரூவுக்கும் உதவும் ஃபோலிக் ஆசிட்டை அந்தக் குழுதான் செயற்கையாகத் தயாரித்தது. அடுத்து, அதே ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. அதில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர். 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. அந்த அறிக்கை 1948 ஜூனில் வெளியானது. ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார் சுப்பாராவ். வயது 53. ஊரில் விட்டுப் போன மனைவியை அவர் திரும்பவும் பார்க்கவே இல்லை.

1951-ல் அமினோப்டெரின் முடக்குவாதத்துக்கும் கேட்கிறது என்று தெரிந்தது. அதன் நெருங்கிய சொந்தமான மெத்தோட்ரெக்சேட், குறைந்த டோஸில் முடக்குவாதத்துக்குக் கொடுக்க 1988-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதைச் சாப்பிடுகிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம்: முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவார்கள், அதுவும் சுப்பாராவ் குழு தந்ததுதான். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அமிலாய்டோசிஸ் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.