கோடுகளை நடக்கச் செய்தவர்

வட்டமாக ஒரு தலை. அதன்கீழ் உடலாக ஒரு கோடு. கைகால்களாக நான்கு கோடுகள். எழுதுகோல் பிடிக்கத் தெரிந்த சிறுவன் எவனும் இவ்வுருவைச் சுவரிலோ சிலேட்டிலோ வரைந்துவிடுவான். ஆயின், வரைந்த உருவம் வரைந்த இடத்திலேயே நிற்கும். அதனை நடக்கவும், குதிக்கவும், விழவும், விழுந்தபின் எழவும் செய்து திரையில் உலவவிட்டவர்களுள் முன்னவராக வைத்து எண்ணத்தக்கவர் எமில் கோல் என்னும் பிரெஞ்சு ஓவியர் ஆவார். அப்பணியில் இறங்கியபோது அவருக்கு அகவை 51.

அவர் 1857ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். எமில் கூர்த்தே என்பது அவருடைய இயற்பெயர். இளமையிலேயே தாயை இழந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பகைவர் படை பாரிசு நகரை வளைத்துக்கொண்டது. பெரியவர்கள் அஞ்சி ஒடுங்கியிருந்த அந்நாள்களில், பதின்மூன்று வயதுச் சிறுவனாகிய எமில் தெருக்களில் சுற்றித் திரிந்தான். தெருவோரப் பொம்மலாட்டமும், ஆள்வோரை எள்ளி வரையப்பட்ட கேலிச் சித்திரங்களும் அவன் உள்ளத்தைக் கவர்ந்தன.

பின்னர் நகை செய்வோர் ஒருவரிடம் தொழில் பயில அவரை அமர்த்தினர். பொன்னிலும் மணியிலும் அவர் மனம் செல்லவில்லை. படையில் சேர்ந்த காலத்தும் ஓவியத்தையே நாடினார். 1878இல் ஆந்திரே ஜில் என்ற புகழ்பெற்ற கேலிச் சித்திர ஓவியரை அடைந்து, அவருக்கு உதவியாளரானார். எமில் கோல் என்னும் புனைபெயரையும் மேற்கொண்டார். மறு ஆண்டே, நாட்டுத் தலைவராக இருந்தவரை எள்ளி வரைந்த சித்திரம் ஒன்றின் பொருட்டுச் சிறை புகவும் நேர்ந்தது. ஆசிரியராகிய ஜில் பிற்காலத்தில் மனநோயுற்று மருத்துவ நிலையத்தில் அடைக்கப்பட்டார். நண்பர் பலர் விலகிய அந்நிலையிலும் கோல் அவரைக் கைவிடவில்லை. 1885இல் ஜில் மறைந்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேலிச் சித்திரம், படக்கதை, நிழற்படம் எனக் கோலின் வாழ்வு பல துறைகளில் ஓடியது.

1907ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் படம் ஒன்று பாரிசுக்கு வந்தது. அதில் கத்தி தானே ரொட்டியை அறுத்தது. பொருள்கள் ஆள் இன்றி அசைந்தன. கண்டோர் திகைத்தனர். அதன் சூழ்ச்சி எளியதே. பொருளை அணுவளவு நகர்த்தி ஒரு படம் எடுத்தல், மீண்டும் நகர்த்தி மீண்டும் ஓர் படம் எடுத்தல், எடுத்தவற்றை விரைந்து ஓட்டுதல், அவ்வளவே. இந்நிலையில், தம் கருத்தைத் திருடி ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டிருக்கக் கண்டு, கோல் சினங்கொண்டு கோமோன் திரைப்பட நிறுவனத்திற்குச் சென்றார் என்றும், வழக்காடச் சென்றவர் வேலையோடு திரும்பினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1908இல் அவர் அந்நிறுவனத்தில் பணியாற்றியது உண்மை.

பொருளை நகர்த்தலாம், ஓவியத்தை எவ்வாறு நகர்த்துவது? கோல் ஒரு கண்ணாடிப் பலகையை அமைத்து, அதன் அடியில் விளக்கேற்றினார். முதல் ஓவியத்தின்மேல் வெள்ளைத் தாளை விரித்தார். கீழுள்ள கோடுகள் மேலே தெரிந்தன. அவற்றைப் பின்பற்றி, கையையோ காலையோ சிறிதளவு மாற்றி, இரண்டாம் ஓவியத்தை வரைந்தார். அதன்மேல் மூன்றாம் தாள். பின்னர் நான்காம் தாள். இவ்வாறு ஏறத்தாழ 700 ஓவியங்கள் வரைந்தார். ஒவ்வொன்றையும் இருமுறை படம் பிடித்தார். அத்தனை உழைப்பும் திரையில் இரண்டு நிமிடங்களுக்குள் ஓடி முடிந்தது. அப்படமே பாந்தாஸ்மகோரி. 1908 ஆகஸ்டு 17ஆம் நாள் பாரிசில் அது வெளியாயிற்று.

தேர்ந்த ஓவியராகிய அவர் அதில் வரைந்தது கோட்டுருவத்தையே. காரணம் தெளிவு. உருவத்தின் சட்டையில் நான்கு பொத்தான்கள் இருப்பின், அவற்றை 700 தாள்களிலும் வரைதல் வேண்டும். ஒரு தாளில் பொத்தான் சற்றே விலகினும் திரையில் அது துடிக்கும். ஆகவே வேண்டாதன அனைத்தையும் கழித்தார். கழித்தபின் எஞ்சும் உருவம் இன்னார் என்று காண்போர்க்கு விளங்க வேண்டுமே! அதற்காகக் கோமாளியின் கூம்புக் குல்லாய் ஒன்றைத் தலையில் வைத்தார். அக்குல்லாய் தெரியும் வரையில், உருவம் எவ்வாறு வளைந்தாலும் புரண்டாலும் அது கோமாளியே. முகத்தில் காட்ட முடியாத அச்சத்தையும் களிப்பையும் கைகால்களின் சாய்வால் காட்டினார். கறுப்பு மையால் வெள்ளைத் தாளில் வரைந்தவற்றைத் திரையில் மாறாகத் தோன்றச் செய்தார். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்தாற்போல் வெண்கோடுகள் இருளில் ஆடின.

எளிய கோட்டிற்கு மற்றொரு வலிமையும் உண்டு. அது எதுவாகவும் மாறவல்லது. அப்படத்தில் ஓவியரின் கை ஒன்று தோன்றிக் கோமாளியை வரைகிறது. புட்டி மலராகிறது; மலரின் தண்டு யானையின் துதிக்கையாகிறது; யானை வீடாகிறது. வீட்டினுள் அகப்பட்ட கோமாளி சன்னல் வழியே குதித்துச் சிதைகிறான். ஓவியரின் கைகள் மீண்டும் வந்து அவனை ஒட்டிச் சீராக்குகின்றன. இறுதியில் அவன் குதிரை ஏறிச் செல்கிறான். கதை என்று கூற இதில் ஒன்றுமில்லை; சிரிப்பு மட்டும் குறைவில்லாமல் உண்டு.

அவ்வாண்டிலேயே பொம்மை என்று பொருள்படும் பாந்தோஷ் என்னும் கோட்டுருவத்தைக் கொண்டு வேறு படங்களையும் அவர் ஆக்கினார். பணி பெருகவே, தாளில் உருவங்களை வெட்டி அசைக்கும் முறையையும் கையாண்டார். அந்நாளில் திரையில் நிறுவனத்தின் பெயர் வருமேயன்றி வரைந்தவர் பெயர் வருவதில்லை. சிரித்தவர் பலர், சிரிக்க வைத்தவர் யார் என்று அறிந்தவர் சிலரே.

1912இல் எக்ளேர் என்ற நிறுவனம் அவரை அமெரிக்காவிலுள்ள நியூஜெர்சிக்கு அனுப்பியது. அங்கே ஜார்ஜ் மக்மானஸ் என்பாரின் செய்தித்தாள் படக்கதையைத் தொடர் இயங்குபடமாக ஆக்கினார். அங்கும் புகழ் படக்கதை வரைந்தவர்க்கே சேர்ந்தது. 1914இல் கோல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நியூஜெர்சி நிலையம் தீப்பற்றி எரிந்தது. அவர் அங்கு ஆக்கிய படங்களிற் பெரும்பாலானவை சாம்பலாயின. அதே ஆண்டில் உலகப் போரும் தொடங்கியது. அமெரிக்கரோ, ஒளி ஊடுருவும் தகடுகளில் உருவத்தைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் வரைந்து, வேலையைப் பலர் பகிர்ந்து விரைவாகச் செய்யும் வழியைக் கண்டனர். விளக்கின்முன் குனிந்து தனியே வரைந்த முதியவரால் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1920க்குப் பின் அவர் கை ஓய்ந்தது. அவர் ஆக்கிய படங்களிற் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது.

இறுதிக் காலத்தில் வறுமை அவரை வாட்டியது. 1937இல் மேசைமீதிருந்த மெழுகுவர்த்தியின் சுடர் அவருடைய தாடியிற் பற்றியது என்பர். மருத்துவ நிலையத்தில் சேர்க்கப்பட்ட அவர், தேறி எழவில்லை. 1938 சனவரி 20ஆம் நாள், தம் 81ஆம் அகவையில், எமில் கோல் காலமானார். திரைப்படத்தில் மாயக் காட்சிகளுக்கு வழிகாட்டிய அவர் நாட்டவராகிய ஜார்ஜ் மெலியே மறுநாள் மறைந்தார்.