விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர்

நெல்லியடிச் சந்தியில் கட்டாக்காலி நாய்களை விலத்திப் பள்ளிக்கு நடந்து வந்தவர்கள் நாம். பாலைச் சூடாக்கிக் கிருமியழிக்கும் பாடத்தில் நாம் படித்த லூயி பாஸ்டர்தான் விசர்நாய்க்கடிக்கும் தடுப்பூசி கண்டவர்.

1822 டிசெம்பர் 27 இல் பிரான்சின் டோல் நகரில், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். வளர்ந்தது ஆர்புவா என்ற சிற்றூரில். 1831 இல் அப்பக்கத்தில் விசர் பிடித்த ஓநாயொன்று பலரைக் கடித்தது. கடிபட்டவர்களின் காயங்களைக் கொல்லன் பட்டறையிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுட்டார்கள். அன்று வைத்தியம் அவ்வளவே. பாஸ்டருக்கு அப்போது எட்டு வயது.

இரசாயனம் படித்த அவர் வைத்தியரல்லர். 1849 இல் மணந்த மரி, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்து ஆய்விலும் துணை நின்றார். பெண் பிள்ளைகள் மூவரை இழந்தார்கள். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது நெருப்புக்காய்ச்சல். 1868 இல் பாரிசவாதத்தால் பாஸ்டரின் இடப்பக்கம் செயலிழந்தது. விசர்நோய் ஆய்வு அதற்குப் பின்னர் தொடங்கியது.

இந்நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு மெதுவாகச் செல்லும். பெரும்பாலும் வாரங்கள் எடுக்கும். ஆகவே கடிபட்ட பின்னரும் உடலைத் தயார்ப்படுத்த அவகாசம் உண்டு. நோயுற்ற முயலின் முண்ணாணை உலர்த்தினால் கிருமி நாளுக்கு நாள் வலுவிழந்தது. மிக வலுக்குறைந்ததில் தொடங்கி, படிப்படியாக வலுக்கூடியதை ஏற்றுவதே அவர் முறை.

1885 யூலை 6 இல், நாய் கடித்த ஒன்பது வயது யோசப் மைஸ்டரைத் தாய் பாரிசுக்கு அழைத்து வந்தார். வைத்தியர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். பதின்மூன்று ஊசிகள், பையன் பிழைத்தான். பாஸ்டரின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், கடிக்கு முன் நாய்களைக் காத்ததற்கே அவரிடம் நல்ல சான்று இருந்தது, கடிக்குப் பின் காக்கலாம் என்பதற்கு மிகக் குறைவு என்கிறார்கள். உடன் உழைத்த ரூவுக்கும் தயக்கம் இருந்தது. நினைவு மலரென்று இதை மறைப்பது அழகல்ல.

அந்த நவம்பரில் பத்து வயது லூயிஸ் பெல்தியேயைக் கொண்டுவந்தார்கள். கடித்து 37 நாட்கள் கடந்திருந்தன, காயமோ தலையில். காலம் தவறிவிட்டதென்று பாஸ்டருக்குத் தெரியும். பிள்ளை இறந்தால் ஊசியைப் பழிப்பார்கள் என்பதும் தெரியும். பெற்றோரின் மன்றாட்டத்தைத் தட்ட மனமின்றிச் சிகிச்சை தொடங்கினார். டிசெம்பர் 3 இல் அவள் இறந்தாள். எதிர்பார்த்தபடியே பழியும் வந்தது. மைஸ்டரின் கதையைவிட இதுவே அவரை எனக்கு நெருக்கமாக்கியது.

மறு வருடம் ஓநாய் கடித்த ரஷ்யர்கள் 19 பேர் வந்தார்கள். 16 பேர் பிழைத்தார்கள். 1888 இல் பாரிசில் பாஸ்டர் நிறுவகம் திறக்கப்பட்டது. நமக்கு அண்மையில், 1907 இல் குன்னூரில் அவர் பெயரால் ஒன்று எழுந்தது. 1895 செப்டெம்பர் 28 இல் காலமானார்; அந்நாளே இன்று உலக விசர்நோய்த் தினம்.

இப்போது முயலின் முண்ணாணும் இல்லை, வயிற்றைச் சுற்றி ஏற்றும் ஊசியும் இல்லை. கடித்தவுடன் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடுமையான காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் ஏற்றுவார்கள். மிருக வைத்தியர் போன்றோர் முன்கூட்டியே ஏற்றிக்கொள்வர். அவர்களும் கடிபட்டால் மீண்டும் ஏற்ற வேண்டும். ஊசிகளின் எண்ணிக்கைதான் குறையும்.