வேதாகமம் வழிநடத்திய ஆயர் – புனித அகுஸ்தினார்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

பிறரை நடத்திச் செல்கிறவர்க்கு அறிவு வேண்டும், சொல்வன்மை வேண்டும், துணிவும் வேண்டும். இவை மூன்றும் ஒருவரிடம் நிறைந்திருந்தால் மட்டும் அவர் நல்ல தலைவராகிவிடுவாரா? ஆகமாட்டார் என்பதை ஒரு மனிதரின் இளமைக்காலம் காட்டுகிறது. நல்ல தலைவர் எப்படி உருவாகிறார் என்பதை அதே மனிதரின் பிற்காலம் காட்டுகிறது. அவர்தாம் திருச்சபையின் பெரும் மறைவல்லுநர்களுள் ஒருவரான புனித அகுஸ்தினார்.

அவர் 354-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் நாள் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் உரோமைப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் இருக்கிறது. தந்தை பத்திரீசியுஸ் கிறிஸ்தவர் அல்லர். இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் பெற்றார். தாய் மோனிக்கம்மாளோ ஆழ்ந்த பக்தி உடையவர். அவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். பணமின்மையால் மகனின் படிப்பு 16 வயதில் ஓராண்டு நின்றுபோயிற்று. ஊர்ச் செல்வர் ஒருவர் கைகொடுத்து உதவியதால் அவர் கார்த்தேஜ் பட்டணம் சென்று பேச்சுக்கலை பயின்றார். அங்கே மாணவர்களுள் முதல்வராக விளங்கினார். ஆனால் தீய நட்பும் தவறான வாழ்வும் அவரைப் பற்றிக்கொண்டன. தாயின் கண்ணீர் அந்நாளில் தொடங்கியது.

19-ஆம் வயதில் உரோமைப் பேரறிஞர் சிசரோ எழுதிய நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. உண்மையான ஞானத்தைத் தேடவேண்டும் என்ற தாகத்தை அது மூட்டியது. அந்தத் தாகத்தோடு அவர் வேதாகமத்தைத் திறந்தார். திறந்தவர் ஏமாற்றம் அடைந்தார். அன்று வழங்கிவந்த இலத்தீன் மொழிபெயர்ப்பின் நடை மிகவும் எளியது. சிசரோவின் மிடுக்கான சொற்களில் ஊறிய அவருக்கு அது படிப்பறியாதவர் பேச்சைப் போலத் தோன்றியது. குனிந்து நுழையவேண்டிய தாழ்ந்த வாசல் முன்னே, அவர் தலை நிமிர்ந்து நின்றார். ஆகவே உள்ளே செல்ல முடியவில்லை. இதைப் பின்னாளில் அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் ஒப்புக்கொண்டுள்ளார்.

வேதாகமத்தை மூடிவைத்தவர் மானிக்கேயர் என்னும் கூட்டத்தாரோடு சேர்ந்தார். நன்மைக்கு ஒரு மூலம், தீமைக்கு வேறொரு மூலம் என்று போதித்த அவர்கள் பழைய ஏற்பாட்டைப் பழித்துப் பேசினார்கள். ஏறத்தாழ 9 ஆண்டுகள் அவர்களைப் பின்பற்றினார். தம் வாதத் திறமையால் நண்பர்கள் சிலரையும் அங்கே இழுத்துச் சென்றார். தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்றே அவர் ஒரு தலைவர்தாம்! அறிவும் நாவன்மையும் துணிவும் இருந்தன. பின்செல்ல ஆட்களும் இருந்தார்கள். ஆனால் வழிதெரியாதவர் முன்னே நடந்தால் பின்னே வருகிறவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள்?

383-இல் உரோமைக்கும், அடுத்த ஆண்டில் மிலான் நகருக்கும் சென்றார். மிலானில் பேச்சுக்கலைப் பேராசிரியர் என்ற உயர்ந்த பதவி கிடைத்தது. அந்நகரின் ஆயர் புனித அம்புரோசியார் சிறந்த மறையுரையாளர் எனக் கேள்விப்பட்டு, அவருடைய பேச்சழகைக் கேட்டு மதிப்பிடவே கோவிலுக்குப் போனார். சொல்லழகைக் கேட்கப் போனவர் காதில் சொற்களோடு பொருளும் புகுந்தது. பழைய ஏற்பாட்டில் பொருளற்றவை என்று அவர் தள்ளியிருந்த பகுதிகளுக்கு அம்புரோசியார் ஆழ்ந்த பொருள் கூறி விளக்கினார். முன்பு மூடிவைத்த நூலை மீண்டும் திறக்கவேண்டும் என்ற ஆவல் எழுந்தது.

386-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் ஒருநாள், அரசவையில் பணிபுரிந்த ஒருவர் அகுஸ்தினாரின் வீட்டுக்கு வந்தார். அங்கே மேசைமீது கிடந்த நூல் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது புனித சின்னப்பரின் திருமுகங்கள். மகிழ்ந்துபோன அவர், எகிப்து நாட்டு வனத்து அந்தோணியாரின் வரலாற்றைச் சொல்லலானார். அந்தோணியார் ஒருநாள் கோவிலில் நுழைந்தபோது, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்செல்லுமாறு ஆண்டவர் அழைக்கும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டதாம். அது தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்று, அவர் அப்படியே செய்தாராம்.

இதைக் கேட்ட அகுஸ்தினாரின் உள்ளம் கலங்கியது. படிப்பறியாதவர்கள் விண்ணகத்தை எட்டிப்பிடிக்க, கற்றவராகிய தாம் சேற்றில் புரள்வதை எண்ணி வெட்கினார். நண்பர் அலீப்பியுசுடன் தோட்டத்துக்குச் சென்றார். அங்கே தனியே ஓர் அத்தி மரத்தடியில் விழுந்து அழுதார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கும்படி திரும்பத் திரும்பப் பாடும் ஒரு சிறு பிள்ளையின் குரல் கேட்டது. அதை இறைவனின் கட்டளையாகக் கொண்டார். ஓடிச்சென்று சின்னப்பரின் நூலைத் திறந்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. களியாட்டத்தையும் ஒழுக்கக்கேட்டையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துவை ஆடையாக அணிந்துகொள்ளச் சொல்லும் பகுதி அது. அதற்குமேல் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. ஐயமெல்லாம் நீங்கியது. அருகிலிருந்த அலீப்பியுஸ் அடுத்த வரியை வாசித்தார். விசுவாசத்தில் வலுவற்றவனையும் ஏற்றுக்கொள்ளுமாறு அங்கே எழுதியிருக்கக் கண்டு, அது தமக்கே உரியது என்று கூறி அவரும் சேர்ந்துகொண்டார். இருவரும் உள்ளே சென்று மோனிக்கம்மாளிடம் சொன்னபோது அத்தாய் அடைந்த பேரின்பத்தை என்னென்பது!

387-ஆம் ஆண்டு பாஸ்குத் திருவிழிப்பு இரவில் அகுஸ்தினாரும், அவருடைய மகனும், அலீப்பியுசும் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டில், தாயகம் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கம்மாள் தமது 56-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பின்னர் ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார், தகாஸ்தேயில் நண்பர்களோடு செபத்திலும் படிப்பிலும் அமைதியாகக் காலம் கழிக்க விரும்பினார்.

இறைவன் வேறொன்று நினைத்தார். 391-இல் ஒரு வேலையாக ஹிப்போ என்னும் துறைமுக நகருக்குப் போயிருந்தபோது, கோவிலில் கூடியிருந்த மக்கள் அவரை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டார்கள். அவருக்குக் குருப்பட்டம் தரவேண்டும் என்று முதிய ஆயர் வலேரியுஸ் முன்னே நிறுத்தினார்கள். அகுஸ்தினார் கண்ணீர் விட்டார். ஆயர் பதவி கிடைக்காமல் குருப்பட்டம்தானா என்று வருந்துகிறார் எனச் சிலர் நினைத்தார்களாம்! அவர் அழுததோ பொறுப்பின் சுமையை எண்ணி.

அதன்பின் அவர் செய்த செயலே எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. நாடறிந்த பேராசிரியர், அவர் வாய் திறந்தால் கேட்கக் கூட்டம் காத்திருந்தது. அவரோ ஆயருக்கு ஒரு கடிதம் எழுதி, வரும் பாஸ்குத் திருநாள் வரையில் தமக்கு ஓய்வு தருமாறு கெஞ்சினார். எதற்காக? வேதாகமத்தைக் கற்பதற்காக. தம் மீட்புக்கு வேண்டியதைத் தாம் அறிந்திருந்தாலும், பிறருடைய மீட்புக்காக அதை எப்படிப் பரிமாறுவது என்பதை இன்னும் கற்கவில்லை என்று பணிவோடு தெரிவித்தார். 19 வயதில் எந்த நூலை இகழ்ந்தாரோ, அந்த நூலின் முன்னே 36 வயதில் மாணவராக அமர இடம் கேட்டார். அந்தத் தாழ்ந்த வாசலில் அவர் இப்போது குனிந்துவிட்டார்.

395-ஆம் ஆண்டளவில் ஆயரான அவர், இறக்கும்வரை ஹிப்போவிலேயே பணிபுரிந்தார். அவர் கற்றது வீணாகவில்லை. 150 சங்கீதங்களுக்கும் விளக்கம் தந்தார். அருளப்பர் நற்செய்திக்கு மட்டும் 124 மறையுரைகள் உள்ளன. வேதாகமத்தை எப்படிப் பொருள் கொள்வது என்பதைக் கற்பிக்கவும் தனி நூல் எழுதினார். இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத விளக்கம் எதுவாயினும், அதைத் தருபவர் வேதாகமத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதே அந்நூலில் அவர் வகுத்த அளவுகோல்.

அந்த அளவுகோலால் அவர் தம்மையே அளந்துகொண்டார். மக்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்துவைப்பதில் பல நாள் உணவு நேரம்வரை அமர்ந்திருந்தார். அயலார் பழி பேசுவதைத் தம் உணவு மேசையில் தடைசெய்து, அதை மேசைமேல் எழுதியும் வைத்தார். சிறைப்பட்டவர்களை மீட்கவும் வறியவர்க்கு உதவவும் பணமில்லாதபோது, கோவிலின் புனித பாத்திரங்களையே உருக்கிக் கொடுத்தார். இவற்றையெல்லாம் அவரோடு வாழ்ந்த ஆயர் பொசிதியுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

410-இல் கோத்தியர் உரோமை நகரைச் சூறையாடினார்கள். உலகமே முடிந்துவிட்டது போல் மக்கள் நடுங்கினார்கள். கிறிஸ்தவ மறையே இதற்குக் காரணம் என்று பலர் பழித்தார்கள். அதற்கு மறுமொழியாக அகுஸ்தினார் 413 முதல் ஏறத்தாழ 13 ஆண்டுகள் உழைத்து, இறைவனின் நகரைப்பற்றி 22 பாகங்கள் கொண்ட பெருநூலை எழுதினார். மண்ணில் கட்டிய நகரங்கள் எழும், விழும். இறைவனின் நகரோ நிலைக்கும் என்று தளர்ந்த நெஞ்சங்களைத் தேற்றினார்.

எழுதுவது எளிது; அதன்படி நிற்பதன்றோ அரிது! அந்தச் சோதனையும் வந்தது. 429-இல் வாண்டல் படையினர் கடல் கடந்து ஆப்பிரிக்காவில் நுழைந்தார்கள். ஊர்கள் எரிந்தன, கோவில்கள் இடிந்தன. ஆயர்களும் குருக்களும் என்ன செய்வது? மந்தையோடு நின்று மடிவதா? தப்பியோடி உயிர் பிழைப்பதா? ஹொனோராத்துஸ் என்னும் ஆயர் இதைக் கேட்டு அகுஸ்தினாருக்கு எழுதினார். ஓரூரில் துன்புறுத்தினால் மற்றோர் ஊருக்கு ஓடுமாறு ஆண்டவரே சொல்லியிருக்கிறார் அல்லவா? சின்னப்பரும் கூடையில் அமர்ந்து மதில் வழியே இறங்கித் தப்பவில்லையா? வேதாகமத்திலேயே தப்பியோட வழி இருப்பது போல் தோன்றியது.

75 வயது நெருங்கிய முதியவர் அமைதியாக மறுமொழி எழுதினார். ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் முழுமையாக வாசித்தார். பகைவர் சின்னப்பர் ஒருவரை மட்டுமே தேடினார்கள். அவர் போனபின்னும் அந்த ஊர் மக்களைக் கவனிக்க வேறு பணியாளர் இருந்தார்கள். ஆகவே அவர் தப்பியதில் தவறில்லை. ஆனால் ஆபத்து எல்லாருக்கும் பொதுவாக வரும்போது, தேற்றுவாரும் தேவதிரவிய அனுமானங்களைத் தருவாரும் இல்லாமல் மக்களைக் கைவிட்டு ஓடலாகாது. ஓநாயைக் கண்டதும் ஓடுகிறவன் கூலியாள். நல்ல ஆயன் தன் ஆடுகளுக்காக உயிரையே கொடுக்கிறான். தப்பிக்க வழி தேடியவர்க்கு அவர் நிலைத்து நிற்கும் வழியைக் காட்டினார். தாமும் நின்றார்.

430-ஆம் ஆண்டு கோடையில் ஹிப்போ நகர் முற்றுகையிடப்பட்டது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தினார் காய்ச்சலில் படுத்தார். அப்போதும் வேதாகமமே அவருக்குத் துணை. தாவீது அரசரின் மனத்துயர்ச் சங்கீதங்களைத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். படுக்கையில் கிடந்தவாறே அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் சிந்தினார். சங்கீதங்கள் அனைத்துக்கும் உலகுக்கே விளக்கம் சொன்னவர், கடைசியில் அவற்றை ஒரு பாவியின் செபமாகவே வாசித்தார். இறுதிப் பத்து நாட்களும், மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர, வேறு யாரும் உள்ளே வராமல் செபத்தில் கழித்தார். ஆகஸ்டு 28-ஆம் நாள் அவருடைய உயிர் பிரிந்தது. உயில் எழுதுவதற்கு அவரிடம் உடைமை எதுவும் இல்லை. கோவில் நூலகத்திலுள்ள நூல்களைப் பின்வருவோர்க்காகப் பாதுகாக்கவேண்டும் என்பது ஒன்றே அவர் விட்டுச்சென்ற கட்டளை.

ஹிப்போ நகர் வீழ்ந்தது. வாண்டல் அரசும் மறைந்தது. அவருடைய நூல்களோ இன்றும் வாழ்கின்றன. ஆகஸ்டு 27-ஆம் நாள் மோனிக்கம்மாளின் திருநாளையும், அடுத்த நாள் அகுஸ்தினாரின் திருநாளையும் திருச்சபை கொண்டாடுகிறது. தாயும் மகனும் அடுத்தடுத்து நிற்பது எவ்வளவு பொருத்தம்!

அன்புத் தோழியரே, நம்முள் சிலர் இன்று வகுப்புத் தலைவியராக இருக்கிறோம். நாளை ஆசிரியைகளாகவும், தாதியராகவும், தாய்மாராகவும், கன்னியராகவும் ஏதேனும் ஒரு சிறு மந்தை நம் கையில் ஒப்படைக்கப்படும். அப்போது நாம் பேசும் திறமையை மட்டும் நம்பினால், இளமைக்கால அகுஸ்தினாரைப் போலப் பிறரையும் வழிதவறச் செய்வோம். நம்மிடம் பொறுப்பு வரும்போது, வலேரியுசுக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதம் நம் நினைவுக்கு வரட்டும். கற்பிக்கும் முன் கற்கவும், நடத்தும் முன் நடத்தப்படவும் விரும்புகிறவரே, ஓநாய் வரும் நாளில் மந்தையை விட்டு ஓடமாட்டார். நம் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் வேதாகமத்தைக் கீழே இறக்கி, நாள்தோறும் ஒரு பக்கமாவது வாசிப்போம். புனித அகுஸ்தினாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!